கொழுப்பு இறங்கிய பிறகும் எதற்கு மாத்திரை?

கேள்வி: வயது 58. அம்பாசமுத்திரத்தில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது கெட்ட கொழுப்பான எல்டிஎல் 62தான். "கொழுப்புதான் இறங்கிட்டே, இன்னும் எதுக்கு? லிவர் கெட்டுரும்" என்கிறான் மச்சினன். கெண்டைக்கால் வேறு வலிக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. அந்த 62, மாத்திரை போட்டு வந்த 62. விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் குழாய் முழுக்க அடைபடுவதுதான் மாரடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து, மெல்லிய தோல் மூடிய கட்டி போல உட்கார்ந்திருக்கும். பாதிக் குழாயைக்கூட அது அடைத்திருக்காது. அந்தத் தோல் கிழிந்தால், அங்கே ரத்தம் மளமளவென்று உறைந்து குழாயை மூடிவிடும். ஸ்டென்ட் சரிசெய்தது ஒரே ஓர் இடத்தை. மற்ற இடங்களில் இருப்பவற்றுக்குத்தான் மாத்திரை. ஸ்டாட்டின் வகை மாத்திரையை (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் அதில் ஒன்று) தொடர்ந்து சாப்பிட்டால் உள்ளிருக்கும் கொழுப்பு வற்றி, மேல்தோல் உறுதியாகும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி இறங்கும். உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுவதால், குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும்.

(உங்கள் தொழிலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டெடுத்த முதல் ஸ்டாட்டின், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த பூஞ்சையிலிருந்து வந்தது.)

இந்த நன்மையில் கொழுப்பு குறைவதால் வருவது எவ்வளவு, அழற்சியைத் தணிப்பது போன்ற மாத்திரையின் தனிக்குணத்தால் வருவது எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில் எல்டிஎல் 130க்குக் கீழே, ஆனால் சிஆர்பி கூடுதலாக இருந்த 17,802 பேரைச் சேர்த்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. தனிக்குணத்துக்கு இதுவே சாட்சி என்றார்கள். ஆனால் அவர்களுக்கு எல்டிஎல்லும் பாதியாக இறங்கியிருந்தது, அப்புறம் எதைப் பிரித்துச் சொல்வது? குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப், வேறு வகை மருந்து. அதை ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தாலும் பலன் கொஞ்சம் கூடுகிறது. அதனால் என் கணக்கில் பெரும்பங்கு எல்டிஎல் இறங்குவதற்குத்தான், மற்றதெல்லாம் கொசுறு. நல்ல கொசுறு, வேண்டாம் என்று சொல்வானேன்?

மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறோம். நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்றுதான் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

லிவர் கெடுவது மிக அரிது. சர்க்கரை லேசாக ஏறலாம், அதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்வலியைத்தான் எனக்கு விட மனமில்லை. பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாதத்துத் தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை மாதத்திலும் வந்தது. உங்களுக்கு வலி எப்போது வருகிறது? நாலு எட்டு நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் கால் ரத்தக்குழாயிலேயே அடைப்பு இருக்கலாம், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் சந்தேகம். அதற்கும் இதே மாத்திரைதான் தேவை. கணுக்காலில் நாடி பார்க்கச் சொல்லி, கால் ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும் சேர்ந்து வரும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சமாளிக்கலாம். உடம்பெல்லாம் தசை வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே அம்பை அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.