ஓட்டுநர் வேலைக்குத் தகுதியில்லை என்றால் வேலையே போய்விடுமா?

கேள்வி: என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். சர்க்கரைப் புண்ணால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விருப்ப ஓய்வில் போகச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. நாங்களே வழக்குப் போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போடலாம். முதலில், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டால், ‘அவராகத்தான் போனார்’ என்பார்கள். வற்புறுத்தலை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) உங்களுக்குத் துணை. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி தர வேண்டும். இடமே இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை மிகைப் பணியிடத்தில், அதாவது அவருக்காகவே கூடுதலாக உருவாக்கும் இடத்தில், வைக்கலாம். போக்குவரத்துக் கழகமும் இதற்குள் வரும். தனியார் கம்பெனிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

மாற்றுப் பணி கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள். ‘கருணை கூர்ந்து’ என்ற சொல்லே வேண்டாம்; பிரிவு எண்ணைப் போட்டு, ‘அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி வழங்குக’ என்று நேராகக் கேளுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ், மருத்துவக் குழு அறிக்கை, கடைசிச் சம்பளப் பட்டியல் மூன்றின் நகலையும் இணையுங்கள். சம்பளப் பட்டியல் அவசியம்: வேலை கொடுத்துவிட்டு ஊதியத்தைக் குறைப்பதில்தான் பல தகராறுகள் வருகின்றன.

மனுவுக்குப் பலன் இல்லையென்றால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 23-இன்படி அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. சம்பவங்களைத் தேதிவாரியாக எழுதி, கடைசியில் என்ன உத்தரவு வேண்டும் என்று குறிப்பிடுங்கள். வேலையில்லாமல் உட்காரவைத்த மாதங்களின் சம்பள நிலுவையைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

ஆணையர் தருவது பரிந்துரைதான். நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அதையும் தட்டிக்கழித்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது சட்டப்படி நடக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோரும் மனு. அங்கும் மனுதாரரே வாதாடலாம். ஆனால் வேண்டாம் என்பேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உதவி எண் 15100.