பொதுப் பகுதி காண்பது வேறு, சுருக்குவது வேறு

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக, மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடும் கடலில் 6 கிலோமீட்டர் போய், அதே வழியில் எதிர்த்துத் திரும்பும் வள்ளத்தின் கணக்கு ஒன்றை அமைத்தேன். வள்ளத்தின் வேகத்தை 'ப' எனக் கொண்டு, ஆகும் நேரத்தை 6/(ப+2) + 6/(ப−2) என்று இயற்கணிதக் கணக்குகளைச் செய்யும் சிம்பை (SymPy) மென்பொருளில் கொடுத்தால், அது கூட்டாமல் அப்படியே திருப்பித் தருகிறது. 'டுகெதர்' கட்டளை இதைக் கூட்டிவிட்டது. ஆனால் 1/(ப−2) − 4/(ப²−4) என்பதற்கு நீண்ட விடையைத் தருகிறது. ஏன்?
— ஆசிரியர், தங்கச்சிமடம்

பதில்: பிரிந்த வடிவம் தொகையிடலுக்கு உதவும், சேர்ந்த வடிவம் சமன்பாடு தீர்க்க உதவும் என்பதால், எது வேண்டும் என்று நாம் சொல்லும்வரை மென்பொருள் கோவையைத் தொடுவதில்லை. அது சரியான அடக்கம் என்றே கருதுகிறேன்.

'டுகெதர்' பகுதிகளை எழுதியபடியே எடுத்துக்கொண்டு சேர்க்கும். ப²−4 என்பதற்குள் ப−2 ஒரு காரணியாக இருப்பதைத் தேடாது. ஆகவே உங்கள் இரண்டாம் கணக்கில் பகுதி (ப−2)(ப²−4) என்றும், தொகுதி ப²−4ப+4 என்றும் நிற்கும். விடை தவறன்று, சுருங்கவில்லை, அவ்வளவே. தொகுதி, பகுதி இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டு வகுக்கும் வேலை 'கேன்சல்' கட்டளைக்கு உரியது. அதைக் கொடுத்தால் 1/(ப+2) கிடைக்கும். வள்ளக் கணக்கிலோ பொதுக் காரணி இல்லாததால் 'கேன்சல்' 12ப/(ப²−4) என்று பகுதியை விரித்து எழுதும். காரணிகளாகவே வேண்டுமென்றால் 'ஃபேக்டர்' உண்டு. இலவசமாகக் கிடைக்கும் மாக்சிமா (Maxima) என்ற இன்னொரு இயற்கணித மென்பொருளில் 'ரேட்சிம்ப்' சேர்ப்பதையும் சுருக்குவதையும் ஒருங்கே செய்யும்.

ஆசிரியராகிய நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். மூலக் கோவைக்கு ப=2 விலக்கப்பட்ட மதிப்பு; சுருங்கிய 1/(ப+2) அங்கே 1/4 என்று தயங்காமல் விடை சொல்லும். மென்பொருள் இதைப் பற்றி எச்சரிப்பதில்லை. வள்ளக் கணக்கில் அந்த மதிப்புக்குப் பொருளே உண்டு: வேகமும் நீவாடும் சமமானால் வள்ளத்தால் எதிர்த்துத் திரும்ப முடியாது. எனவே விலக்கப்பட்ட மதிப்புகளை மூலக் கோவையின் பகுதிகளிலிருந்து மாணவர்கள் முதலில் கையால் எழுதட்டும். கட்டளை அதன்பிறகு வரட்டும். விடை வந்ததும் ஓர் எண்ணைப் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ப=10 எனில் 6/12 + 6/8, 120/96 இரண்டும் 1.25 மணி நேரம், அதாவது ஒன்றே கால் மணி.