கொழுந்தைக் காப்பாற்றுங்கள்: தடிமரம் வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி: மகோகனி நட்டு இரண்டு வருடம் ஆகிறது. பாதிக் கன்றுகள் ஆளுயரத்தில் கவட்டையாகப் பிரிந்துவிட்டன. என்ன காரணம்?

பதில்: அடுத்த முறை வாடின கொழுந்தைப் பார்த்தால் பிளந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே குருத்துத் துளைப்பான் புழு இருக்கும். நுனிக்கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்வரை பக்க மொட்டுகள் உறங்கும். புழு கொழுந்தைத் தின்றதும் அந்த வரத்து நின்றுபோகிறது, மொட்டைக் கிளப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது, இரண்டு மூன்று மொட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பி மேலே போகப் போட்டி போடும். 1930களிலேயே திமான், ஸ்கூக் என்ற இரு தாவர விஞ்ஞானிகளும் ஃபாபா அவரையில் இதைக் காட்டிவிட்டார்கள்: நுனியை வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தால் பக்க மொட்டு எழவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, நேராக, திடமாக இருக்கும் ஒரு கிளையை விட்டுவிட்டு மற்றதை நறுக்குவது. விரல் கனம் தாண்டும் முன்பே செய்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்தால் மலைவேம்பு நெடுநெடுவென்று வளருமாமே?

பதில்: வேண்டாம். கணுவிடை நீளும், சரி, ஆனால் அந்த உயரத்தைத் தாங்கும் கனம் தண்டில் இருக்காது. காற்றில் சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள மேல்பக்கம் இழுவைக் கட்டை என்ற வேறு மாதிரியான கட்டையை உண்டாக்கும் (பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இதற்குப் பதில் கீழ்ப்பக்கம் அமுக்கக் கட்டை உண்டாகும்), அறுவைக்குப் போகும்போது பலகை முறுக்கிக்கொள்ளும், இழைத்தால் நார் பிசிறும். ஊன்றுகோல் கட்டினாலும் இறுக்கிக் கட்டாதீர்கள், ஆடுகிற தண்டுதான் பருக்கும், அதில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: நெருக்கி நட்டால் தேக்கு நேராக வருமா?

பதில்: வரும். பக்கத்து இலைகள் சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்வதால் நிழலை மரம் உணர்ந்து கிளையைக் குறைத்து உயரத்துக்குப் போகும். அப்புறம் காலத்தில் இடையிடையே மரங்களை வெட்டி இடம் விடாவிட்டால் எல்லாமே குச்சியாக நிற்கும்.

கேள்வி: எங்கள் தேக்கு சிறு வயதிலேயே பூத்துவிட்டது, கெடுதலா?

பதில்: அறுவைத் தடிக்குக் கெடுதல்தான். தேக்கின் பூங்கொத்து தண்டின் நுனியிலேயே வருவதால், பூத்ததும் நடுக்கொழுந்து முடிந்துபோகிறது, அங்கிருந்து மரம் கவட்டையாகும். அந்தக் குணம் கன்றுக்கும் வரலாம் என்பதால் அந்த மரத்திலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள்.