பந்தியில் உட்கார்

*வணக்கம் அண்ணா. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன் நான். மூன்று வருடம் முன்பு வலது கை நடுவிரல் அடியோடு போய்விட்டது. இல்லாத அந்த விரல் இன்றும் அரிக்கிறது. குளிரில் கை கடுக்கிறது. வீட்டில் "ஒரு விரல்தானே" என்கிறார்கள். கண்ணாடிப் பயிற்சி செய்தால் சரியாகுமா? சிலிக்கோன் செயற்கை விரல் வாங்கலாமா? விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.*

அன்புள்ள தம்பி,

அந்த அரிப்பு பிரமை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் 1871-லேயே அதற்கு 'ஃபாண்டம் லிம்ப்' (மாய உறுப்பு) என்று பெயர் வைத்துவிட்டார். நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, போன விரல் இருப்பதாக மூளையை நம்பவைக்கும் கண்ணாடிப் பயிற்சி, மூளை விஞ்ஞானி நம் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்தது. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. தொட்டால் ஷாக் அடித்ததுபோல் சுரீரென்கிறதா? அறுந்த நரம்பின் நுனி முடிச்சாக வளர்ந்திருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டு. சிலிக்கோன் விரல் உன் இஷ்டம்.

உன் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கோவை கணபதியில் என் சித்தப்பாவுக்கும் பிரஸ்ஸில் இதே விரல்தான் போனது. 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் நடுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 12 சதவீதம் இழப்பு என்றிருந்தது. ரசம் சோற்றுக்கு அதில் கணக்கில்லை. நடுவில் சந்து விழுந்த கையில் ரசம் நிற்காது தம்பி, முழங்கை வரை வழியும். ஒரு கல்யாணத்தில் எதிர்வரிசைக் குழந்தை அதையே உற்றுப் பார்த்தது. பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தவர் 11 வருடம் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. என் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுவிட்டு, பட்டினியாக பஸ் ஏறினார். எந்நேரமும் துண்டுக்குள் பொத்திவைத்திருந்த கையில் நல்ல விரல்களும் மடங்காமல் விறைத்துப்போயின.

நீயும் அதைத்தான் செய்கிறாய். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஓடச் சொல்லி யார் சொன்னது உனக்கு? "ஒரு விரல்தானே" என்று வீட்டில் சொல்வது தப்புதான். ஆனால் ஒரு நாளாவது அம்மாவிடம் அந்தக் கையை நீட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னாயா? கையை மறைத்தே வைத்திருந்தால் அவளுக்கு எப்படியடா தெரியும்?

சித்தப்பாவை மீட்டது சித்தி. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, தொடுதலுக்குப் பழக, விரல் போன இடத்தை முதலில் பஞ்சால் தடவினாள். அதற்கே மனுஷன் துள்ளினார். அப்புறம் ரவை, அப்புறம் அரிசி, கடைசியில் துவரம்பருப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து அளையவிடுவாள்.

டாக்டர் சரி என்றதும் நீயும் பஞ்சிலிருந்து ஆரம்பி. வலித்தால் எடுத்துவிடு, மறுநாள் மறுபடி. அடுத்த கல்யாணத்தில் ரசத்தை டம்ளரில் கேள். கொடுப்பார்கள்.