குரூப் ஸ்டடி செய்தும் எம்1-ல் (இஞ்சினியரிங் முதல் செமஸ்டர் கணிதத்தில்) அரியர் விழுகிறதே, ஏன்? எப்படிப் படிக்க வேண்டும்?

பெரும்பாலான ‘குரூப் ஸ்டடி’யில் ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் கேட்பார்கள். டாப்பர் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். எக்ஸாம் ஹாலில் மூன்றாவது ஸ்டெப்பில் கை நின்றுவிடும். அந்தக் கூட்டத்தில் உருப்படியாகப் படித்தவர் டாப்பர் ஒருவர்தான்.

இன்னொரு வழக்கம் ஸ்டடி ஹாலிடேஸில் கூடி, “யூனிட் 1 நீ, யூனிட் 2 நான்” என்று கொஸ்டின் பேங்கைப் பங்கு போடுவது. அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன் எம்1 தாளில் 2 மார்க் பத்து, 16 மார்க் ஐந்து. யூனிட்டுக்கு ஒரு பதினாறு வருகிற தாளில் ஆளுக்கொரு யூனிட் தெரிந்து என்ன பயன்?

நான்கு பேர் போதும். ஆறு பேரானால் இருவர் போனை நோண்டுவார்கள். செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரத்துக்குள் ஆரம்பித்து, வாரம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். குறித்த நான்கு கணக்குகளை ஆளாளுக்குத் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே நின்றதோ அங்கே கோடு போட்டுக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவரை உட்கார வைக்காதீர்கள். இதில் தாட்சண்யம் பார்த்தால் இரண்டே வாரத்தில் குரூப் கலைந்துவிடும். வந்ததும் 20 நிமிடம் பேச்சில்லாமல் புதுக் கணக்கு ஒன்று. பிறகு தாளை மாற்றித் திருத்துங்கள். கணக்கு தெரியாதவர் கையில்தான் பேனா இருக்க வேண்டும். தெரிந்தவர் கேள்வி மட்டும் கேட்கலாம்.

உதாரணத்துக்கு, 6x²+3y²+3z²−4xy−2yz+4zx என்பதை ஆர்த்தகனல் முறையில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான வெக்டர்களை வைத்து) கனானிக்கல் ஃபார்முக்கு, அதாவது xy, yz போன்றவை இல்லாத வடிவத்துக்கு, கொண்டுவரும் கணக்கு. இதன் மேட்ரிக்ஸுக்கு ஐகன் வேல்யூ 8, 2, 2. கூட்டினால் 12, பெருக்கினால் 32. மேட்ரிக்ஸின் டிரேஸும் (மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை) டிட்டர்மினன்ட்டும் அதே, அதனால் சரி. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். 8-க்கு வெக்டர் (2, −1, 1). சறுக்குவது 2-ல். அங்கே கிடைப்பது 2x−y+z=0 என்ற ஒரே சமன்பாடு. ஒருவர் (0, 1, 1), (1, 2, 0) என்று எடுப்பார். இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்தும், ஆனால் டாட் ப்ராடக்ட் 2, ஒன்றுக்கொன்று செங்குத்தில்லை. கடைசியில் டயகனல் மேட்ரிக்ஸ் (மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள், மற்றதெல்லாம் 0) வராது, எங்கே தப்பு என்றும் தெரியாது. இன்னொருவர் தாளில் (0, 1, 1), (1, 1, −1) என்று இருக்கும்; அவருக்கு டயகனல் வந்திருக்கும். இரண்டு தாளையும் அருகருகே வைத்து ‘உனக்கு மட்டும் எப்படி வந்தது?’ என்று சண்டை போடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் குரூப்பே. தனியாகப் படித்தால் இது கிடைக்காது.

கணக்கு கொஞ்சம் கடினமாகவே இருக்கட்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி ட்ரைஸ்மன் கால்குலஸ் மாணவர்களுக்கு நடத்திய பட்டறைகளும் இப்படித்தான்: அடிப்படையைத் திரும்ப நடத்தாமல், கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார்.

இஞ்சினியரிங் கிராஃபிக்ஸுக்கு இது அவ்வளவாகச் சரிவராது. அங்கே கை வேகம்தான் பிரச்சினை. தனியாக ஷீட் போட்டுப் பழக வேண்டும்.

நால்வருக்கும் வராத கணக்கை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். போட்ட வரைக்கும் உள்ள தாளோடு மறுநாள் ஸ்டாஃபிடம் போங்கள். “இந்த யூனிட்டே புரியலை சார்” என்றால் திரும்ப நோட்ஸைத்தான் காட்டுவார். “நாலாவது ஸ்டெப்ல நிக்குது சார்” என்றால் அந்த ஸ்டெப்பைச் சொல்லிக்கொடுப்பார்.