பள்ளியிலேயே பயிற்சி பெற்று ஆசிரியராவது: இங்கிலாந்து பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஆசிரியராக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில்தான் சேர வேண்டும் என்பதில்லை. 1993 முதலே பள்ளிகள் கூட்டாகச் சேர்ந்து தாங்களே பயிற்சி தருகின்றன. எல்லோரும் 'ஸ்கிட்' என்று சொல்வது இதைத்தான். நான் வெளிலண்டனில் ஒரு செகண்டரி பள்ளியில் கணக்கு ஆசிரியை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மென்டராகவும், அதாவது பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியையாகவும் இருக்கிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் பி.ஜி.சி.இ. (பட்டத்துக்குப் பிறகான ஆசிரியர் பயிற்சி), ஸ்கிட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதற்கு மதிப்பு அதிகம்?

வகுப்பறை நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வழியில் போனாலும் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பள்ளிகளைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்கிட்டில் செப்டம்பர் மாதமே ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும். பாட வகுப்புகள் பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள்தான்.

மதிப்பைப் பற்றிக் கேட்டால், வேலைக்கு வேண்டியது கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதிநிலை. அது இரண்டு வழியிலும் ஒன்றேதான். பி.ஜி.சி.இ. தனியான கல்விச் சான்றிதழ்; பல ஸ்கிட்கள் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதையும் தருகின்றன. வழக்கமாக முதுகலைப் பட்டத்தில் 60 கிரெடிட் அதில் கிடைத்துவிடும். பின்னால் துபாய், சிங்கப்பூர் என்று போகும் எண்ணம் இருந்தால் பி.ஜி.சி.இ.யும் சேர்ந்த கோர்ஸையே எடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில பௌதிகவியல் படிச்சனான். இஞ்ச வந்து கனகாலம், இப்ப பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) இருக்கு. கடையில வேலை. இனி டீச்சராக வரலாமோ?

கட்டாயம் வரலாம். பௌதிகவியல் ஆசிரியர்கள் கிடைக்காமல் பள்ளிகள் தவிக்கின்றன. 2025-26 கல்வியாண்டில் இந்தப் பாடத்துக்குப் பயிற்சி உதவித்தொகை 29,000 பவுண்டு, வரி கிடையாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். தொகை ஆண்டுக்காண்டு மாறும்; விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் அதே ஆண்டில் 9,535 பவுண்டு வரை; தகுதி இருந்தால் மாணவர் கடன் வாங்கலாம்.

முதல் வேலையாக உங்கள் பட்டத்துக்கு இனிக் என்ற அமைப்பிடம் சமநிலைச் சான்றிதழ் வாங்குங்கள். அடுத்தது ஜி.சி.எஸ்.இ., அதாவது இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு. அதில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் கிரேடு 4, அல்லது அதற்குச் சமமான தகுதி வேண்டும். இலங்கையில் நீங்கள் எழுதிய ஓ.எல். தேர்வின் பெறுபேற்றை ஏற்பார்களா என்று ஸ்கிட்டிடமே கேளுங்கள். ஏற்காவிட்டாலும் சமநிலைத் தேர்வு எழுத விடுவார்கள் பலர். அரசின் 'கெட் இன்டு டீச்சிங்' சேவையில் ஆலோசகர் இலவசமாகக் கிடைப்பார். கடை வேலையை நாளைக்கே விட வேண்டாம். முதலில் ஒரு பள்ளியில் இரண்டு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மென்டர் மென்டர் என்கிறார்களே, அவர் உண்மையில் என்னதான் செய்வார்?

இந்தப் பயிற்சியின் உயிரே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எட்டாம் ஆண்டு வகுப்பு, பின்னங்களைக் கூட்டும் பாடம். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பயிற்சி ஆசிரியர் பலகையில் அழகாக விளக்கினார். முடித்துவிட்டு "எல்லாருக்கும் புரிந்ததா?" என்றார். வகுப்பே தலையாட்டியது. கடைசி வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பிள்ளையின் நோட்டில் 1/3 + 1/4 = 2/7 என்று இருந்தது. மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அவளும் சேர்ந்துதான் தலையாட்டினாள்.

அன்று பேச அவரிடம் எனக்குப் பத்து விஷயங்கள் இருந்தன. குரல், எழுத்து, நேரம், ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். ஒன்றை மட்டும் எடுத்தேன்: அடுத்த பாடத்தில் பயிற்சிக் கணக்கு கொடுக்கும் முன், எல்லோரும் கைப்பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். எந்தக் கணக்கு என்பதில்தான் இருவரும் அதிக நேரம் செலவழித்தோம். 1/2 + 1/2 என்று முடிவானது. தவறான வழியில் கூட்டுகிற பிள்ளைக்கு 2/4 வரும், அதாவது அரை. இரண்டு அரை சேர்ந்தால் எப்படி மறுபடியும் அரை ஆகும் என்று அந்தப் பிள்ளையே திடுக்கிடும். நாம் திருத்த வேண்டியதே இல்லை. அடுத்த பாடத்தில் பலகைகள் தூக்கப்பட்டபோது, யாருக்குப் புரியவில்லை என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

இப்படி வாரத்துக்கு ஒரு சின்ன இலக்கு. வருடம் முடியும்போது, ஆசிரியருக்கென்று அரசு வகுத்த தர நெறிகள் எட்டுக்கும் தேறிவிடலாம். புதிய விதிப்படி வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் மென்டர் உங்களுக்கு ஒதுக்க வேண்டும். இதுபோல ஒரு திறனை மட்டும் எடுத்துத் துருவிப் பார்ப்பதற்கென்றே வருடத்தில் 20 நாள் தீவிரப் பயிற்சியும் உண்டு. அதனால் ஸ்கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் இணையதளத்தையும் பார்த்து மயங்காதீர்கள். "மென்டருக்கு டைம்டேபிளில் தனியாக நேரம் கொடுத்திருக்கிறீர்களா?" என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: மேடம், கோவையில் பி.எட். முடித்து ஆறு வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். இங்கே மறுபடியும் முதலிலிருந்தா?

தேவைப்படாமலே போகலாம். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்களும் நேரடியாக கியூ.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்கள் எடுக்கத் தகுதி பெற்றவர்களுக்கான வழி அது. விண்ணப்பக் கட்டணம் இல்லை. உங்களிடம் பட்டம், பி.எட்., அனுபவம் மூன்றும் இருப்பதால் முதலில் அதைத்தான் முயல வேண்டும்.

அந்தத் தகுதி கையில் கிடைத்தாலும், முழுநேர வேலைக்குப் போகும் முன் சில மாதம் கவர் சூப்பர்வைசராகவோ (ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்பவர்) டீச்சிங் அசிஸ்டன்டாகவோ (வகுப்பில் ஆசிரியருக்கு உதவுபவர்) இருந்து பாருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியும். இங்கத்து வகுப்பு நடக்கும் முறைதான் புதிது.

கேள்வி: என் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயம்.

முதல் வாரம் சில பேர் சிரிக்கலாம். லண்டன் வகுப்பறையில் வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள் ஏராளம், சீக்கிரமே பழகிவிடும். உச்சரிப்பை மாற்றப் போராடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். பாடத்தின் முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதிவிட்டுச் சொல்லுங்கள். நம்மவர்கள் தடுமாறுவது நீளமான கட்டளை வாக்கியங்களில்தான். "பேனாவைக் கீழே வையுங்கள். என்னைப் பாருங்கள்." இந்த அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் போதும்.

கேள்வி: நம் ஊர் மாதிரி பிள்ளைகள் ஆசிரியரை மதிக்க மாட்டார்களாமே?

நீங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்க மாட்டார்கள் பல பள்ளிகளில். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒழுங்குக்கு ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி வைத்த நடைமுறை இருக்கிறது: முதல் எச்சரிக்கை, இரண்டாவது, பிறகு டிடென்ஷன். அதை ஒரு நாளைக்குப் பின்பற்றி மறுநாள் விட்டுவிடாமல் இருந்தால் பிள்ளைகள் உங்களை நம்புவார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றாலே பாதிப் பிரச்சினை குறையும்.

கேள்வி: டீச்சிங் அசிஸ்டன்டாக இருக்கிறேன், பட்டமும் இருக்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு வருடம் படிக்க வசதி இல்லை.

உங்கள் தலைமையாசிரியரிடம் இரண்டு வழிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று சம்பளத்துடன் கூடிய பயிற்சி, இன்னொன்று பட்டம் பெற்றவர்களுக்கான ஆசிரியர் அப்ரென்டிஸ்ஷிப், அதாவது வேலை பார்த்துக்கொண்டே பயில்வது. இரண்டிலும் பள்ளிதான் உங்களை வேலைக்கு வைக்கும், கட்டணம் கிடையாது. இடங்கள் குறைவு, ஆனால் தெரிந்தவர்களையே எடுக்க விரும்புவார்கள் என்பதால் நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகள். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மிகக் கடினம்: இருட்டு, சளி, லெசன் ப்ளான், அசைன்மென்ட் எல்லாம் ஒன்றாக வரும். சமையலும் பிள்ளைகளைக் கூட்டி வருவதும் உங்கள் தலையில் மட்டுமே விழுந்தால் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் பாடம் தயாரிப்பீர்கள். பகுதிநேரமாகப் படிக்க விடும் ஸ்கிட்களும் உண்டு, விசாரியுங்கள்.

கேள்வி: இதை வைத்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் சேரலாமா?

அதை நம்பி இதில் சேராதீர்கள். அங்கே பி.எட்., டெட் என்று வேறு விதிகள்.

கேள்வி: நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது?

ஒரே சமயத்தில் நான்கு கோர்ஸ்கள் வரை விண்ணப்பிக்கலாம். அக்டோபரில் திறக்கும், நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். நேர்முகத்தில் பல இடங்களில் ஒரு சின்னப் பாடம் நடத்தச் சொல்வார்கள். அதில் நிறையச் சொல்லித்தர முயல வேண்டாம். ஒரு கருத்து, ஒரு நல்ல கேள்வி, பிள்ளைகள் பதில் சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமை போதும். முடிந்ததும் "எப்படிப் போனது?" என்று கேட்பார்கள். "நன்றாகப் போனது" என்று நிறுத்திவிடாமல், எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை, மறுமுறை எதை மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள். நான் நேர்முகம் எடுக்கும்போது பாடத்தைவிட அந்தப் பதிலுக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.