வால்வு வைத்தாச்சு, அப்புறம்?

கே: ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்குக் குழந்தையிலேயே ஆபரேஷன் ஆன என் மகளுக்கு, 14 வயதில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக இதயத்தின் நுரையீரல் வால்வு வைத்தார்கள். இனி ஆயுளுக்கும் கவலையில்லைதானே?

ப: எந்த வால்வு என்று எழுதவே இல்லை. மெலடி என்று வைத்துக்கொள்கிறேன், மாட்டின் கழுத்து ரத்தக்குழாயில் செய்தது. பத்து வருடம் கழித்தும் அது ஒழுங்காக வேலை செய்வது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பழைய வால்வுக்குள்ளேயே புதிதை வைத்துவிடலாம்.

கே: வால்வு வைத்த என் மகனுக்கு எக்கோ நார்மல், ஆளும் நன்றாக இருக்கிறான். வருடா வருடம் போகணுமா?

ப: போகணும். வால்வு கெடும்போது வலிக்காது.

கே: மூன்று நாள் காய்ச்சல். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் இரண்டு வேளை கொடுத்ததும் இறங்கிவிட்டது. விட்டுவிடலாமா?

ப: இதை எத்தனை தடவைதான் எழுதுவது! வால்வு வைத்தவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), அப்புறம்தான் மாத்திரை. அந்த இரண்டு வேளை மருந்து கிருமியைக் கொல்லாது, மறைத்துவிடும். கல்ச்சர் பாட்டிலில் ஒன்றும் வளராது, வால்வின் மேல் மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும், பத்து நாள் கழித்து மறுபடி காய்ச்சலோடு வந்து நிற்கும்போது எந்தக் கிருமி என்றே தெரியாமல் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். மெலடியில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த எண்டோகார்டைட்டிஸ், அதாவது வால்வில் கிருமித்தொற்று, வருகிறது. இன்றே டாக்டரிடம் போங்கள், எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஊசியைத் தனித்தனி இடங்களில் மூன்று தடவை குத்துவார்கள். ஒரு தடவை போதாதா என்று பேரம் பேசாதீர்கள், தோலில் இருந்த கிருமியா ரத்தத்தில் இருந்ததா என்பது அப்படித்தான் தெரியும். அப்புறம் பல், அங்கிருந்தும் கிருமி ரத்தத்துக்குள் போகும். பல் பிடுங்கும் முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் என்பதை மட்டும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், தினமும் பிரஷ்ஷில் ஒட்டும் ரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

கே: குழந்தைக்கு மெக்கானிக்கல் வால்வா, திசு வால்வா?

ப: வயது? எந்த வால்வு? இரண்டும் இல்லாமல் என்ன சொல்ல. மெக்கானிக்கல் தேயாது, ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தச் சோதனை. திசு வால்வு சின்ன வயதில் சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து இறுகும். இரண்டுமே குழந்தையோடு வளராது. அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது) என்றால் ராஸ் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள்: சொந்த நுரையீரல் வால்வை அங்கே மாற்றி வைப்பது, அது வளரும். ஆனால் காலியான இடத்தில் வேறொன்று வைத்தாக வேண்டும், ஆக இரண்டு வால்வைக் கண்காணிக்கணும்.

கே: எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? எந்த வால்வு என்ற விவரம் உள்ள அட்டையைத் தொலைத்துவிட்டோம்.

ப: பெரும்பாலும் எடுக்கலாம். அட்டைக்கு நகல் வாங்கிவிட்டுப் போங்கள்.